குதிரைத் தலை முத்திரை

சில வருஷங்களுக்கு முன் பிரான்சில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து மெக்கானிக் ஷாப்பில் பழைய கம்ப்ரஸர் தொட்டி ஒன்றைப் பார்த்தேன். அதன் பித்தளைத் தகட்டில் சில எண்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு குதிரைத் தலை. காலமெல்லாம் ரப்பர் ஸ்டாம்பு குத்திப் பிழைத்தவன் கண்ணில் அது படாமல் போகுமா? விசாரித்தேன். அந்தக் காலத்தில் அரசின் சுரங்கத் துறை ஆய்வாளர் சோதித்துப் பார்த்துக் குத்திய முத்திரையாம்.

அந்தத் தகட்டில் இருக்கும் உச்ச அழுத்தத்துக்குப் பிரெஞ்சில் 'தேம்ப்ர்' என்று பெயர். தபால் தலையும் தேம்ப்ர்தான், பத்திரத்தில் ஒட்டுவதும் தேம்ப்ர்தான். (மூளை பிசகியவனை 'தேம்ப்ரே' என்பார்கள். அது வேறு கதை.)

இதன் வேர் 1823-இல் இருக்கிறது. நீராவி இயந்திரங்கள் வெடித்து ஆட்கள் செத்ததால், அந்த வருஷம் அக்டோபரில் அரச ஆணை வந்தது. கொதிகலனைத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் பல மடங்கு ஏற்றிச் சோதிக்க வேண்டும். தண்ணீர் ஏன்? அது காற்றைப் போல் அமுங்காது. தகடு கிழிந்தால் பீய்ச்சி அடிக்கும், அவ்வளவுதான். காற்றாயிருந்தால் கூரையே போய்விடும். இரண்டு பாதுகாப்பு வால்வு வேண்டும், அதில் ஒன்று தொழிலாளியின் கைக்கு எட்டக்கூடாது. வேகம் கூட்ட வால்வின்மேல் பாரம் ஏற்றி வைக்கிற கெட்டிக்காரர்கள் அன்றும் இருந்தார்கள். எத்தனை சூட்டில் எத்தனை அழுத்தம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால், துலோன், அராகோ என்ற இரு விஞ்ஞானிகள் பாரீஸில் ஒரு பழைய கோபுரத்தில் உயரமான பாதரசக் குழாய் நட்டு 24 வளிமண்டல அழுத்தம்வரை அளந்தார்கள். துலோன் அதற்கு முன்பே ஒரு வெடிபொருள் ஆராய்ச்சியில் கண்ணும் விரல்களும் இழந்தவர். அவரா இந்த வேலைக்கு வந்தார் என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

அமெரிக்காவிலோ முதலாளி பாடு, காப்பீட்டுக் கம்பெனி பாடு என்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். 1905 மார்ச் 20 காலை, மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டன் ஊரில் குரோவர் செருப்புத் தொழிற்சாலையின் பழைய பாய்லர் வெடித்துக் கூரையைப் பிளந்துகொண்டு போனது. மரக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் மாண்டார்கள், 150 பேர் காயம். ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை ஏற்றி ரிவெட் அடித்த மூட்டில், உள்ளே மறைந்திருந்த விரிசல்தான் காரணம். அப்படி ஏற்றி அடித்தால் உருளை சரியான வட்டமாக வராது. ஒவ்வொரு தடவை நீராவி ஏறும்போதும் மூட்டு கொஞ்சம் வளைந்து நிமிரும், விரிசல் வளரும். எந்த ஆய்வாளரும் கண்ணால் கண்டிருக்க முடியாத இடம்.

ஆகவே, முடிந்த பின் பார்த்து முத்திரை குத்தினால் போதாது, எப்படிச் செய்வது என்பதையே எழுதிவைக்க வேண்டும் என்றானது. அந்த மாநிலம் 1907-இல் விதி போட்டது. மாநிலத்துக்கு ஒரு விதி என்றால் பாய்லர் செய்பவன் என்ன செய்வான்? அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கம் 1911-இல் குழு அமைத்தது. 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாகப் பொது விதி வந்தது. நெருப்பில்லாத அழுத்தக் கலன்களுக்கு 1925-இல் தனிப் பகுதி. நம் நாட்டுப் பாய்லர் சட்டம் 1923-இல் வந்தது.

க்ளோவர் இலை முத்திரை என்று பெயர் வாங்கிய அந்தச் சங்கத்து முத்திரையை ஒரு கலனில் குத்துவதென்றால் இப்போது தகடு எந்த வார்ப்பில் வந்தது, வெல்டர் பரீட்சை தேறியவரா, மூட்டின் எக்ஸ்ரே எங்கே என்று எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். கலனைச் செய்த கம்பெனியிடம் சம்பளம் வாங்காத ஆய்வாளர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

காகிதம், காகிதம் என்று எங்களைத் திட்டாதவர்கள் உண்டா? வந்த ஃபைலைத் திறந்து பாராமல் நானும் சில நாள் முத்திரை குத்தியிருக்கிறேன். அந்தத் தொட்டியின் முன் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. மகன் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.