பழைய மினி டிராக்டர் வாங்கப் போறீங்களா? கடலூர், சிதம்பரம் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களுக்குப் புது டிராக்டர் என்பது பெரிய பட்ஜெட். அதனால் பலரும் செகண்ட் ஹேண்ட் மினி டிராக்டர் பக்கம் போகிறார்கள். சரியாகப் பார்த்து வாங்கினால் பல வருஷம் உழைக்கும். பெயின்ட்டைப் பார்த்து ஏமாந்தால், வாங்கிய விலையில் பாதியை மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

எதைப் பார்க்கணும், எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு: சொந்த வண்டி தேவையா?

2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது, இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

உதாரணத்துக்கு 3 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு இரண்டு போகம், ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 3 மணி நேர ஓட்டம் என்றால் மொத்தம் 18 மணி நேரம். வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்றாலும் 18,000 ரூபாய்தான் செலவு. அதுவே 10 சதவீத வட்டிக்கு 2 லட்சம் கடன் வாங்கி வண்டி எடுத்தால், முதல் வருஷ வட்டியே 20,000 ரூபாய். டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் தனி.

அப்போ யாருக்குத்தான் லாபம்? முந்திரி, தென்னை, கரும்பு என்று வருஷம் முழுக்க இடை உழவு, களையெடுப்பு வேலை இருப்பவர்களுக்கு. பெரிய டிராக்டர் நுழைய முடியாத தோப்பு வைத்திருப்பவர்களுக்கு. மழை பெய்த வாரத்தில் வாடகை வண்டி கிடைக்காமல் விதைப்பு தள்ளிப்போகிறவர்களுக்கு. மற்றவர்கள், வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களை உழவன் செயலியில் முன்பதிவு செய்து பார்க்கலாம்.

புது வண்டி விலையையும் கேளுங்க

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. டிராக்டர் டயர், உதிரி பாகங்களுக்கு 18 சதவீதமாக இருந்த வரியும் 5 சதவீதம் ஆனது. "நான் வாங்கினப்போ இவ்வளவு கொடுத்தேன்" என்று விற்பவர் சொல்லும் விலை பழைய வரிக்கணக்கு. எனவே, புது வண்டியின் இன்றைய விலையைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்க.

எந்த மண்ணுக்கு எந்த வண்டி?

கடலூர் மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் மாறுகிறது.

பண்ருட்டி பக்கம் செம்மண். முந்திரி, பலா தோப்புகளில் கிளைகள் தாழ்ந்திருக்கும். இங்கே உயரம் குறைந்த, அகலம் குறைந்த வண்டிதான் சரி. மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் கிளையில் இடிக்கும் என்பதால், கீழ்ப்பக்கமாகப் போகும் சைலன்சர் உள்ள மாடலைப் பார்க்கலாம்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் பாசனத்தில் நெல் விளையும் களிமண். சேற்றில் இறங்கும் வண்டிக்கு எடை குறைவாகவும், நான்கு சக்கரமும் இழுக்கும் 4 வீல் டிரைவ் வசதியும் இருந்தால் நல்லது.

15 ஹெச்.பி. மஹிந்திரா யுவராஜ் 215 ஒற்றை சிலிண்டர் வண்டி. அமைப்பு எளிமை, அதிர்வு கொஞ்சம் அதிகம். வி.எஸ்.டி. எம்.டி. 180டி 18.5 ஹெச்.பி., மூன்று சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார் பி2441, 24 ஹெச்.பி., 4 வீல் டிரைவ். எந்த பிராண்டாக இருந்தாலும், உங்க ஊருக்குப் பக்கத்தில் அதற்கு ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக்கும் உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?

நம்ம மாவட்டத்தில் இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை ஆற்றில் வந்த வெள்ளத்திலும் கடலூர் பகுதியில் பல இடங்கள் நீரில் மூழ்கின. அப்படி நனைந்த வண்டி வெளியே பளபளவென்று இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* இன்ஜின் ஆயில், கியர் ஆயில் டீ நிறத்தில் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.
* மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறதா பாருங்க.
* ஒயர் இணைப்புகளில் பச்சை நிறத் துரு, சீட்டுக்கு அடியில், ஃபெண்டர் மடிப்புகளில் காய்ந்த வண்டல் இருந்தால் உஷார்.

ஓட்டிப் பார்க்கும்போது செய்ய வேண்டியவை

1. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. ஏற்கெனவே சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்க.

2. புகையைக் கவனிங்க. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. சுமையே இல்லாமல் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டரைச் சோதிக்கணும்.

3. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

4. கலப்பையை மாட்டி லிஃப்ட்டில் தூக்கி, இன்ஜினை நிறுத்துங்க. சில நிமிஷத்தில் மளமளவென்று கீழே இறங்கினால் ஹைட்ராலிக் சீல் பலவீனம்.

5. பிடிஓ ஷாஃப்ட் சுற்றுகிறதா, அதன் பற்கள் தேய்ந்திருக்கிறதா பாருங்க. ரோட்டவேட்டர் ஓட இதுதான் உயிர்.

6. மணிக்கணக்கு காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் முழுசா தேய்ந்திருக்க, மீட்டர் 600 மணி நேரம் காட்டினால் எங்கேயோ இடிக்கிறது.

ஆவணம் சரியில்லை என்றால் வண்டியே வேண்டாம்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கடன் நிலுவை இருந்து முடிந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை. புதுச்சேரி பதிவெண் வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28-ம் அவசியம். மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேட்டு, விற்கத் தடைக்காலம் உண்டா என்பதை உறுதி செய்யுங்க.

பெயர் மாற்றத்தை ஏன் தள்ளிப்போடக் கூடாது? விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் வாங்குபவரைவிட விற்பவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம்.

நம்ம நிலத்துக்கு ஏற்ப என்ன மாற்றலாம்?

சக்கர இடைவெளி: பல மினி டிராக்டர்களில் பின்சக்கர ரிம்மைக் கழற்றித் திருப்பி மாட்டி அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். கரும்பு, மக்காச்சோளம் வரிசைக்கு இடையே ஓட்ட முதலில் உங்க வரிசை இடைவெளியை அளந்துகொண்டு போங்க.

ரோட்டவேட்டர்: அகலம் பின்டயர் தடத்தை மூட வேண்டும், அதே நேரம் இன்ஜின் திணறவும் கூடாது. 15 முதல் 20 ஹெச்.பி. வண்டிக்குச் சுமார் ஒரு மீட்டர் அகலம் போதும். பெரிய வண்டியின் பழைய ரோட்டவேட்டர் சும்மா கிடைக்குதே என்று மாட்டினால் கிளட்ச்சும் பிடிஓவும் காலி.

எடை: முன்சக்கரம் தூக்கினால் முன்னால் எடைக்கட்டிகள் மாட்டலாம். வறண்ட நிலத்தில் பிடிப்புக்குப் பின்டயரில் முக்கால் பாகம் வரை தண்ணீர் நிரப்பலாம். ஆனால் சேற்று வயலில் இறங்கும் முன் அந்தத் தண்ணீரை எடுத்துவிடுங்க; இல்லையென்றால் வண்டி புதையும்.

கேஜ் வீல்: சேறடிக்க உதவும். வேலை முடிந்ததும் கழற்றிவிடணும், அதோடு தார்ச்சாலையில் ஏறக் கூடாது.

இதில் கை வைக்காதீங்க

வேகம் கூட்ட கவர்னர் சீலை உடைப்பது, சேசிஸில் வெல்டிங் வைப்பது, பிடிஓ மூடியைக் கழற்றிப் போடுவது மூன்றும் வேண்டாம். சுற்றும் ஷாஃப்ட்டில் வேட்டியோ, துண்டோ, புடவையோ சிக்கினால் ஆளை இழுத்துவிடும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும் அளவுக்கு வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

டிரெய்லரை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்டணும். மேல் இணைப்பில் கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி, வண்டி பின்னால் மல்லாந்துவிடும். வரப்பை நேராக, மெதுவாக ஏறிக் கடக்கணும். சாய்வாக ஏறினால் சின்ன வண்டி எளிதில் கவிழும்.

கடைசியாக ஒன்று. அட்வான்ஸ் கொடுக்கும் முன், விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை விட்டுவிட்டு, உங்க ஊர் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்க. அவருக்குக் கொடுக்கும் அரை நாள் கூலி, பின்னால் வரும் பெரிய செலவைத் தடுக்கும்.