இன்னைக்கு ஆர்டர்... நாளைக்கு டெலிவரி! உங்க பார்சல் எப்படிப் பறந்து வருது தெரியுமா?

சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டே ஒரு ஹெட்போனை ஆர்டர் போடுறோம். பொருள் இருப்பது டெல்லி பக்கத்து குடோனில், நாம இருப்பது சென்னையில். இடையில் 2,000 கி.மீ-க்கும் அதிகமான தூரம். ஆனாலும் மறுநாளே காலிங் பெல் அடிக்குது. எப்படி?

புத்தகத்தில் ஆரம்பித்த கதை

2007-ல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் தொடங்கியபோது, விற்றது புத்தகங்களை மட்டும்தான். 'பார்க்காத பொருளுக்கு முன்கூட்டியே காசா?' என்பதுதான் அன்றைய பெரிய தயக்கம். 2010-ல் வந்த 'கேஷ் ஆன் டெலிவரி' அதை உடைத்தது. 2013-ல் அமேசான் இந்தியாவுக்கு வந்தது. 2016-ல் யு.பி.ஐ-யும் மலிவான டேட்டாவும் சேர, சின்ன ஊர்களும் 'ஆட் டு கார்ட்' பழகிக்கொண்டன.

வானத்தில் ஒரு குடோன்

அவசர பார்சல்கள் இரண்டு வழிகளில் பறக்கின்றன. ஒன்று, பயணிகள் விமானம். நாம் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்குக் கீழே, பெட்டிகளோடு பெட்டியாக யாரோ ஒருவரின் ஷூவும் பயணம் செய்யும். இன்னொன்று, சரக்குக்கென்றே ஓடும் விமானம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. 2022-ல் இண்டிகோ தனிச் சரக்கு விமானத்தை இறக்கியது. 2023 ஜனவரியில் அமேசான், ஹைதராபாத்தில் தன் விமானச் சேவையைத் தொடங்கியது. அப்போது அதில் ஒரு விமானத்தில் சுமார் 20,000 பார்சல்கள் ஏற்ற இடம் இருந்தது.

பகலில் ஆர்டர்களைச் சேர்த்து, பின்கோடு வாரியாகப் பிரித்து, ராத்திரியில் பறந்து, விடிவதற்குள் அடுத்த நகரத்தில் இறக்கிவிட வேண்டும். நாம தூங்குற நேரம்தான் அவங்களுக்கு பீக் ஹவர்!

தலையணைக்கு 12 கிலோ!

விமானத்தில் எடையைப் போலவே இடத்துக்கும் காசு. அதனால் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை செ.மீ-ல் பெருக்கி, பல கூரியர் நிறுவனங்கள் 5,000-ஆல் வகுக்கின்றன. 50 x 40 x 30 செ.மீ பெட்டியில் ஒரு தலையணையை அனுப்பினால், நிஜ எடை ஒரு கிலோவாக இருந்தாலும் கணக்கில் 12 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆன்லைனில் பொருள் விற்கும் ஐடியா இருந்தால், முதலில் பெட்டியின் சைஸைக் குறையுங்கள்.

பவர் பேங்க் ஏன் லேட்டாகுது?

லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016-லிருந்து தடை இருக்கிறது. பவர் பேங்க்கும் இந்தக் கணக்கில்தான் வரும். அதனால் அது பெரும்பாலும் லாரி ஏறி மெதுவாகத்தான் வரும்.

வேகத்துக்கு யார் காசு கொடுக்குறா?

'ஃப்ரீ டெலிவரி' என்றாலும் செலவு எங்கேயும் போய்விடாது. ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுபோக, லாரியைவிட விமானம் பல மடங்கு கார்பனைக் கக்குகிறது. கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டுவிட்டு 'வேண்டாம்' என்று கதவைச் சாத்தினால், பொருள் வந்த வழியே திரும்பிப் போகும். இதற்குத் தொழிலில் 'ஆர்.டி.ஓ' என்று பெயர். லைசென்ஸ் தர்ற ஆர்.டி.ஓ இல்லை மக்களே... 'ரிட்டர்ன் டு ஆரிஜின்'! போக, வர என இரண்டு கூலியும் பல நேரம் விற்றவர் தலையில்தான் விழும். வீட்டிலிருந்தபடி சேலையோ, கம்மலோ விற்கும் ஒருவருக்கு நாலு ஆர்.டி.ஓ வந்தால், அந்த வார லாபமே காலி.

மருந்து, நாளைக்கு எக்ஸாமுக்குத் தேவைப்படும் கால்குலேட்டர் என்றால் தாராளமாகப் பறந்து வரட்டும். அடுத்த மாசக் கல்யாணத்துக்கு வாங்கும் சட்டை நாலு நாள் கழித்து லாரியில் வந்தால் என்ன குறைஞ்சிடப் போகுது? அடுத்த முறை ஆர்டர் போடும்போது, 'இது நாளைக்கே வேணுமா?' என்று ஒரு செகண்ட் யோசிச்சுப் பாருங்க!