எஸ். பாலசந்தரும் தமிழ்த் திகில் படங்களும்

எஸ். பாலசந்தர் (ஜனவரி 18, 1927 - ஏப்ரல் 13, 1990) தமிழ்த் திரைப்பட இயக்குநர், நடிகர், வீணைக் கலைஞர். சென்னையில் திருவல்லிக்கேணிக்குத் தெற்கே உள்ள மயிலாப்பூரில் பிறந்தார். வீணை எஸ். பாலசந்தர் என்று அறியப்படும் இவர் வேறு, இயக்குநர் கே. பாலசந்தர் வேறு. தமிழில் மர்மத்தையும் அச்சத்தையும் மையமாகக் கொண்ட படங்களின் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார். ஆனால் அப்படங்கள் தமிழ்த் திரையுலகை எந்த அளவுக்கு மாற்றின என்பது விவாதத்துக்குரியது.

அந்த நாள்

பாலசந்தர் 1952-ல் இந்தியாவில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் அகிரா குரோசவாவின் 'ராஷோமான்' படத்தைப் பார்த்தார். அதன் தாக்கத்தில் உருவாக்கிய கதையை ஏ.வி.எம். நிறுவனம் படமாக்கியது. ஜாவர் சீதாராமன் திரைக்கதை, வசனம் எழுதினார். 'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13 அன்று வெளியாயிற்று.

கதை, 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே தாக்குதல் அச்சத்தால் ஏராளமான மக்கள் சென்னையை விட்டு வெளியூர்களுக்குச் சென்றிருந்தனர். ஆகவே படத்தின் பின்னணியிலிருந்த பயம் சென்னை ரசிகர்கள் நேரில் அறிந்தது. சிவாஜி கணேசன் நடித்த வானொலிப் பொறியாளர் பாத்திரம் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் தம் பார்வையில் நடந்ததைச் சொல்கிறார்கள். பாடல், நடனம், சண்டைக் காட்சி எதுவும் இல்லை. எஸ். மாருதி ராவின் ஒளிப்பதிவு நிழல்களைக் கொண்டு அச்சத்தை உருவாக்கியது.

படம் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. ஆனால் முதல் வெளியீட்டில் வணிக வெற்றி பெறவில்லை.

பிற்காலப் படங்கள்

'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) ஆகிய படங்களைப் பாலசந்தர் தம் சொந்த நிறுவனம் வழியாக எடுத்தார். 'பொம்மை'யில் வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை ஒன்று, விவரம் அறியாதவர்களிடம் கைமாறிச் செல்கிறது. சிறுவன் ஒருவன் அறியாமல் குண்டைச் சுமந்து செல்லும் ஹிட்ச்காக்கின் 'சபோடாஜ்' (1936) படத்துடன் இது ஒப்பிடப்படுகிறது. 'நடு இரவில்' தனித்த தீவு ஒன்றில் கூடிய உறவினர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படும் கதை. அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவலின் சாயல் கொண்டது. இதுவே அவர் இயக்கிய கடைசிப் படம். இப்படங்களில் அச்சத்துக்குக் காரணம் பேய் அல்ல, மனிதர்களின் பேராசையும் வஞ்சமும்தான்.

விவாதங்கள்

முதல் விவாதம் தழுவல் பற்றியது. 'அந்த நாள்' ராஷோமானின் நகல் என்ற கருத்து உண்டு. ஆனால் குரோசவா உண்மை எது என்பதை முடிவு செய்யாமல் விடுகிறார். பாலசந்தர் மர்மத்தை அவிழ்க்கிறார். இறந்தவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று காட்டுகிறார். சொல்முறை ஒன்றாயினும் நோக்கம் வேறு.

இரண்டாவது, அவருடைய செல்வாக்கு பற்றியது. பாடலில்லாப் படம் என்ற பாதையில் மிகச் சிலரே சென்றனர். ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' (1965), பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), 'குருதிப்புனல்' (1995) போன்றவை அரிதான உதாரணங்கள். 'புதிய பறவை' (1964), 'அதே கண்கள்' (1967) போன்ற மர்மப் படங்கள் பாடல்களுடனேயே வெற்றி பெற்றன. 'பொம்மை'யில் பாலசந்தரே பாடல்களைச் சேர்த்தார். அதில் ஒரு பாடல் கே.ஜே. யேசுதாஸைத் தமிழுக்கு அறிமுகம் செய்தது.

மதிப்பீடு

வசூலையும் உடனடியாகப் பின்பற்றியவர்களின் எண்ணிக்கையையும் கொண்டு பார்த்தால் பாலசந்தரின் செல்வாக்கு சிறியது. தமிழ்த் திரையுலகம் அவரிடமிருந்து மர்மத்தை ஏற்றுக்கொண்டது, பாடலின்மையை ஏற்கவில்லை. ஆனால் ஒரே நிகழ்வைப் பலர் பலவிதமாகச் சொல்லும் முறையை வெகுஜனப் படத்தில் கையாளலாம் என்பதை அவர் 1954-லேயே காட்டினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த 'விருமாண்டி' (2004) அதே முறையில் இரு தரப்புக் கதைகளைச் சொன்னது. 'பீட்சா' (2012) படத்தின் பேய்க்கதை ஒரு மனிதன் புனைந்த பொய்யாக முடிகிறது. இவை அவரிடமிருந்து நேரடியாகப் பெற்றவை என்று சொல்ல முடியாது. எனினும் பேயைவிட மனிதனின் சொல்லையே சந்தேகிக்க வைக்கும் தமிழ்ப் படங்களின் வரலாறு 'அந்த நாள்' படத்திலிருந்தே எழுதப்பட வேண்டும்.