தகடூரும் தேறலும்

ஆணி புடுங்குற நேரம் போக, டபிள்யூ.எஸ்.இ.டி. டிப்ளமோவுக்குப் படிச்சிட்டிருக்கேன் மக்களே. 1969-ல் லண்டனில் தொடங்கின ஒயின் கல்வி நிறுவனம் அது. அம்மாகிட்ட 'ஒரு பரீட்சை'ன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன் :-)

பயம் இருக்காதா? சொந்த ஊர் தருமபுரி. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். 1965 வரை நாங்களும் அதற்குள்தான்.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி இது தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்ததும் ஔவையார் பாடிய கையறுநிலை (புறநானூறு 235) கள்ளில்தான் ஆரம்பிக்குது. கொஞ்சமா இருந்தா எங்களுக்கே கொடுத்துடுவான், நிறைய இருந்தா நாங்க பாடப் பாட அவனும் குடிப்பான், அது போச்சே என்கிறார். ஒப்பாரியை இப்படித் தொடங்க எவ்வளவு நெருக்கம் வேணும்!

ஒயினும் உண்டு. 56-ம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைக் குடிக்கச் சொல்லி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துறார். 1945-ல் வீலர் தோண்டின அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயின் ஜாடி ஓடுகள் கிடைச்சன.

குளிர்ச்சி, மணம், வந்த இடம், பாத்திரம்னு நக்கீரர் எதையும் விடலை. நேத்து பயிற்சியில் நான் மணத்தை எழுத மறந்து மார்க்கை விட்டேன்.

அம்மாகிட்ட ஔவையார் பேரைச் சொல்லி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.