பதின்ம நாணயம்: ஃபுளோரினும் ரூபாயும்

பதின்ம நாணய முறை என்பது தலைமை நாணயத்தைப் பத்து, நூறு, ஆயிரம் எனப் பத்தின் அடுக்குகளாகக் கூறுபோடும் ஏற்பாடாகும். ஒரு பவுனை 20 ஷில்லிங்காகவும் ஒரு ஷில்லிங்கை 12 பென்சாகவும் எண்ணிவந்த பிரிட்டனில் இம்முறையைக் கொண்டுவருமாறு ஜான் பௌரிங் 1847-இல் நாடாளுமன்றத்தில் வலியுறுத்தியதையடுத்து, பவுனில் பத்தில் ஒரு பங்கான, அதாவது 2 ஷில்லிங் மதிப்புள்ள வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட அரசு இசைந்தது. 1848-ஆம் ஆண்டிட்டு அடிக்கப்பட்ட அதன் மாதிரி நாணயங்கள், புழக்கத்துக்கு விடுவதற்காக அன்றி ஒப்புதல் பெறுவதற்கென்றே சிறு தொகையாக உருவானவையாதலால், இன்று அரிதாகவே கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் ‘சென்டம்’ என்றும், சிலவற்றில் ‘டெகேட்’ என்றும், சிலவற்றில் ‘ஃபுளோரின்’ என்றும் பொறிப்பு இருப்பதால், நாணயத்தின் பெயர்கூட அப்போது முடிவாகவில்லை என்பது விளங்கும். 1849-இல் ஃபுளோரின் புழக்கத்துக்கு வந்தபோது, அரசியின் பெயரோடு வழக்கமாக இடம்பெறும் ‘இறையருளால்’ என்னும் தொடர் விடுபட்டிருந்தது கண்டனத்துக்கு உள்ளாக, 1851-இல் வடிவமே மாறியது; பதின்மத் திட்டமோ அந்த ஒரு நாணயத்தோடு நின்றுபோயிற்று.

பிரிட்டனில் நின்றது அதன் ஆட்சிக்குட்பட்ட இலங்கையில் நடந்தேறியது. இறைசால் எனப்பட்ட ரிக்ஸ் டாலர் கணக்கை 1825-இல் கைவிட்டுப் பவுன் கணக்குக்கு மாறிய அத்தீவில், தென்னிந்தியாவுடனான வாணிகத்தாலும் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் கூலியாலும் இந்திய வெள்ளி ரூபாயே கைக்குக் கை புழங்கியது. அரசாங்கம் அந்த ரூபாயை 2 ஷில்லிங்காக மதித்தது. மதிப்பில் அது ஃபுளோரினுக்கு நிகர் என்பது கவனிக்கத்தக்கது. 1869-இல் ரூபாயே சட்டபூர்வப் பணமாக்கப்பட்டு, 1872 முதல் அது 100 சதமாகப் பகுக்கப்பட்டது. 1870-ஆம் ஆண்டிட்ட கால் சதம், அரைச் சதம், 1 சதம், 5 சதம் ஆகிய செப்புக் காசுகள் ஒரு பனையின மரத்தின் உருவத்தோடு, மதிப்பைச் சிங்கள எழுத்திலும் தமிழ் எழுத்திலும் தாங்கியிருந்தன.

சென்னை மாகாணத்தின் கதை வேறு. அங்கு 80 காசு ஒரு பணமாகவும் 42 பணம் ஒரு வராகனாகவும் இருந்த பழைய கணக்கை 1818-இல் வெள்ளி ரூபாய் விலக்கியபோதும், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி என்னும் பகுப்பே நீடித்தது. பாதி, கால், அரைக்கால், வீசம் என்று பாதிபாதியாகக் குறைத்தே கணக்கிடப் பழகியவர்களுக்கு ஓர் அணா என்பது ரூபாயில் சரியாக ஒரு வீசமாதலால், இப்பகுப்பு இடையூறாகத் தோன்றாதது இயல்பே. 1955-இல் திருத்தப்பட்ட நாணயச் சட்டம் 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. ஓர் அணா ஆறேகால் பைசாவாக வந்ததால் 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 என மாற்று அட்டவணை வகுக்கப்பட்டது. எனவே ஓரணாவைத் தனியே மாற்றியவர் கால் பைசாவை இழக்க, மூன்றணாவைச் சேர்த்து மாற்றியவருக்கு அதே கால் பைசா கூடுதலாகக் கிடைத்தது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்னும் அடை நீக்கப்பட்டது. ஆயினும் பேச்சுவழக்கில் 25 பைசா ‘நாலணா’வாகவும் 50 பைசா ‘எட்டணா’வாகவுமே தொடர்ந்தன, நாலணா நாணயம் 2011 ஜூன் இறுதியில்தான் செல்லாததாயிற்று. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்றே பதின்ம முறைக்கு மாறியது. அப்போது ஃபுளோரின் 10 புதிய பென்சாக எண்ணப்பட்டு 1993 வரை புழக்கத்தில் இருந்தது.