பிஸ்டியூலா வளரவில்லையா? ஆறு வாரத்தில் கேளுங்கள்

சாய்ந்தமருதில் டயலிசிஸ் நோயாளி இருக்கும் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் கவலை ஒன்றுதான். கையில் சத்திரசிகிச்சை செய்து மாதங்கள் ஆகியும் கழுத்துக் குழாய் வழியாகத்தான் இரத்தம் சுத்திகரிக்கப்படுகிறது; அந்தக் கை இனி உதவாதா? பல வேளைகளில் உதவும். ஆனால் காரணத்தைக் காலத்தோடு தேட வேண்டும். கழுத்துக் குழாய் நீண்டநாள் இருந்தால் இரத்தத்தில் கிருமித்தொற்று ஏற்படும் ஆபத்தும் கூடும்.

பிஸ்டியூலா என்பது என்ன?

கையிலுள்ள நாடியை நாளத்துடன் இணைப்பதே பிஸ்டியூலா. நியூயோர்க்கில் பிரெசியா, சிமினோ, அப்பெல் ஆகியோர் 1966இல் இம்முறையை வெளியிட்டார்கள். நாடியின் வேகமான இரத்தம் பாய்வதால் நாளம் விரிந்து, சுவர் தடித்து, ஊசி ஏற்றத் தக்கதாகிறது. ஆறு வாரமளவில் நாளம் 6 மில்லிமீற்றர் அகலமாகவும், தோலிலிருந்து 6 மில்லிமீற்றருக்குள்ளும், நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றர் இரத்தம் ஓடுவதாகவும் இருப்பது நல்லது என்பது பொதுவான அளவுகோல்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. அமெரிக்காவில் 877 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பத்தில் ஆறு பிஸ்டியூலாக்கள் டயலிசிஸுக்கு ஏற்றவையாக வளரவில்லை. ஆகவே இது நோயாளியின் கவனக்குறைவு அல்ல.

ஏன் வளர்வதில்லை?

இணைப்புக்கு அருகே நாளம் ஒடுங்குவது முக்கிய காரணம். கிளை நாளங்கள் இரத்தத்தைப் பிரித்துக்கொள்வதும், நாடி சிறிதாக இருப்பதும் மற்றவை. முன்பு கழுத்திலோ காறையெலும்பின் கீழோ போட்ட குழாய், நெஞ்சுக்குப் போகும் பெரிய நாளத்தையும் ஒடுக்கியிருக்கலாம். போர்க்காலத்தில் கையிலோ தோளிலோ ஷெல் துண்டு, துப்பாக்கிச் சூட்டுக் காயம் பட்டவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பழைய தழும்பின் கீழ் இரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

பலூன் என்ன செய்கிறது?

1977இல் சூரிச்சில் குருன்ட்சிக் இதய நாடியில் முதன்முதல் செய்த பலூன் சிகிச்சையின் அதே வழிதான் இது. முதலில் ஸ்கேன் செய்து ஒடுக்கத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து, மெல்லிய கம்பியின் மேல் பலூனைச் செலுத்தி, ஒடுங்கிய இடத்தில் ஊதி விரிக்கிறார்கள். பிறகு பலூனை வெளியே எடுத்துவிடுவார்கள்.

ஒரே தடவையில் முடியும் என்று எண்ண வேண்டாம். மீண்டும் ஒடுங்குவது சாதாரணம். சிலருக்குப் பல தடவை தேவைப்படும். நாளம் கிழிந்து இரத்தம் கசிவதும், உறைவதும் நேரலாம். இன்னும் சிறுநீர் போகிறவர்கள், சாய மருந்து இல்லாமல் ஸ்கேன் உதவியுடன் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பந்தை அழுத்தும் பயிற்சி நல்லதுதான். ஆனால் ஒடுக்கத்தை அது திறக்காது.

நீங்கள் செய்ய வேண்டியவை

கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உங்களைப் பார்க்கும் சிறுநீரக கிளினிக்கில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆறு வாரத்தில் பிஸ்டியூலாவை ஸ்கேன் செய்வீர்களா? ஒடுக்கம் எங்கே இருக்கிறது? பலூன் சிகிச்சைக்கு எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவீர்கள்?

தினமும் பிஸ்டியூலாவில் விரல் வைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசி அதிர்வது போல மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு குறைந்து துடிப்பு மட்டும் பலமாக இருந்தால், மேலே ஒடுக்கம் இருக்கலாம். அதிர்வு நின்றுவிட்டால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, வேறு தேவைக்கு ஊசி போடவோ விடாதீர்கள்.