சூழல் மாறிகள்: ஒரு வரலாற்று நோக்கு

கணனிச் செய்நிரல் ஒன்று தான் இயங்கப்போகும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே யாதும் அறியாது. அதனை இயக்குபவரின் கோப்புகள் எங்கே உள்ளன, துணைச் செய்நிரல்களை எங்கே தேடவேண்டும், தற்காலிகக் கோப்புகளை எங்கே வைக்கவேண்டும் என்பனவற்றை யாரேனும் அதற்கு அறிவித்தாக வேண்டும். இவ்வாறு அறிவிக்கும்பொருட்டு வழங்கப்படும் பெயர், பெறுமானம் என்னும் சோடிகளே சூழல் மாறிகள் எனப்படுகின்றன. ஒரே செய்நிரலை யுனிக்ஸ் மரபிலும் விண்டோஸ் மரபிலும் வழுவின்றி இயங்கச் செய்ய முனைவோர் இம்மாறிகளிடத்தே இடறுவது வழமை. இதனைத் தொழினுட்பக் குறைபாடு என்று மாத்திரம் கொள்வது பொருந்தாது. இவ்வேறுபாடுகள் ஒவ்வொன்றும் வரலாற்றில் ஒரு காலத்தில், ஒரு காரணத்தால் எழுந்தவையாகும்.

பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடக்கிய யுனிக்ஸின் முதற் பதிப்புகளில் சூழல் மாறிகள் இருக்கவில்லை. 1970 களின் நடுப்பகுதியில் ஜோன் மாஷி முதலியோர் விருத்தி செய்த ஷெல்லில் ஓரெழுத்துப் பெயர் கொண்ட மாறிகள் இடம்பெற்றன. எனினும், 1979 ஜனவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பிலேயே, ஸ்டீபன் போர்ன் எழுதிய புதிய ஷெல்லுடன் சேர்ந்து, இன்று வழங்கும் வடிவம் தோன்றியது. ஒரு செய்நிரல் இன்னொன்றைத் தொடக்கும்போது எழுத்துச் சரங்களின் பட்டியல் ஒன்றும் அதனிடம் கையளிக்கப்படும். கையளிக்கப்படுவது நகலே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தந்தை எழுதிய உறுதியின் பிரதி மகன் கையில் இருப்பினும், அப்பிரதியில் அவன் செய்யும் திருத்தம் மூல உறுதியை மாற்றாதவாறு, சேய்ச் செய்நிரல் தன் மாறிகளை எவ்வளவு மாற்றினும் தாய்ச் செய்நிரலை அது தீண்டாது. இவ்வோர் அமிசத்தில் மட்டும் பின்வந்த முறைமைகள் யாவும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்பட்டன. 'பாத்' என்னும் மாறியில் வரும் இடங்களைப் பிரிக்க முக்காற்புள்ளி பயன்பட்டது.

மறுபுறத்தில் சிறு கணனிகளின் உலகம் வேறொரு கிளையாக வளர்ந்தது. 1974 இல் கேரி கில்டோல் உருவாக்கிய சி.பி.எம். முறைமையில் தட்டு இயக்கிகள் ஓர் எழுத்தாலும் அதனையடுத்த முக்காற்புள்ளியாலும் குறிக்கப்பட்டன. 1981 இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ் அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. அதன் முதற் பதிப்பில் சூழல் மாறிகளோ கிளைவிடும் கோப்பகங்களோ இல்லை. 1983 இல் வந்த இரண்டாம் பதிப்பு இவ்விரண்டையும் யுனிக்ஸைப் பின்பற்றிச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அவ்வேளையில் குறியீடுகள் பல ஏற்கெனவே வேறு பணிகளில் அமர்த்தப்பட்டிருந்தன. முக்காற்புள்ளி தட்டு இயக்கிக்கு உரியதாகிவிட்டமையால் பாதைகளைப் பிரிக்க அரைப்புள்ளி வேண்டியதாயிற்று. சாய்கோடு கட்டளைத் தெரிவுகளுக்கு வழங்கியமையால் கோப்பகங்களுக்குப் பின்சாய்கோடு வந்தது. மாறியின் பெறுமானத்தைப் பெற யுனிக்ஸ் ஷெல்லில் டொலர் குறியை முன்னிடுவர். டொஸின் தொகுதிக் கோப்புகளில் பெயரை இரு சதவீதக் குறிகளுக்கிடையே இடுவர். பெயர்கள் யாவும் பெரிய எழுத்தாக மாற்றப்பட்டன. பெறுமானமின்றி ஒரு மாறியை நிறுவினால் அம்மாறியே நீங்கிவிடும். யுனிக்ஸிலோ வெறுமையான பெறுமானமுடைய மாறியும் இல்லாத மாறியும் வேறு வேறு.

1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. முற்றிலும் புதிதாக எழுதப்பட்டதாயினும் டொஸின் இவ்வழக்கங்களைக் கைவிடவில்லை. கைவிட்டிருப்பின் பழைய செய்நிரல்கள் இயங்கா. பெயரை எழுதியவாறே பேணியபோதிலும், தேடும்போது பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை அது பொருட்படுத்துவதில்லை. நிலையான மாறிகளைப் பதிவேட்டில் சேமித்தது. யுனிக்ஸ் மரபினரோ அவற்றைத் தொடக்கக் கோப்புகளில் எழுதிவந்தனர். யுனிக்ஸில் 'ஹோம்' எனப்பட்டது விண்டோஸில் 'யூசர் புறொபைல்' ஆயிற்று.

நியமம் வகுத்தோர் இவ்விடயத்தில் எட்டியது பாதித் தூரமே எனலாம். 1989 ஆம் ஆண்டின் அமெரிக்க சி மொழி நியமம் சூழல் மாறியை வாசிக்கும் 'கெற்என்வ்' என்னும் சார்பினை ஏற்றுக்கொண்டது. மாற்றும் சார்பு எதனையும் ஏற்கவில்லை. பேர்க்லி மரபில் தோன்றிய 'செற்என்வ்' 2001 இலேயே பொசிக்ஸ் நியமத்தில் இடம்பெற்றது. விண்டோஸின் சி நூலகம் இதற்கு வேறு பெயருடைய சார்பினை வழங்குகிறது. ஆகவே வாசிப்பதற்கு எங்கும் ஒரே வரி போதுமாயிருக்க, எழுதுவதற்கு முறைமைக்கு ஒரு வரி வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றில் மிகத் துணிகரமான முயற்சி ஜாவா மொழியினுடையது. ஒருமுறை எழுதி எங்கும் இயக்கலாம் என்னும் கொள்கையுடன் சன் மைக்றோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1995 இல் அம்மொழியை வெளியிட்டது. சூழல் மாறிகள் எல்லா முறைமைகளிலும் இல்லை என்பது அதனை வகுத்தோர்க்குத் தடையாயிற்று. அக்காலத்து மக்கின்ரொஷ் முறைமையில் அவை இருக்கவில்லை. எனவே வாசிக்கும் சார்பு கைவிடப்பட்டது. அதனை அழைத்தால் வழுவே எறியப்பட்டது. பதிலாக, இல்லக் கோப்பகம், பாதைப் பிரிப்புக் குறி முதலியவற்றை எங்கும் ஒரே பெயரால் தரும் 'முறைமைப் பண்புகள்' வழங்கப்பட்டன. ஏட்டளவில் இது சிறந்த தீர்வே. ஆனால் நடைமுறையில், செய்நிரலாளர் ஒவ்வொரு செய்நிரலுக்கும் முன்னால் யுனிக்ஸுக்கு ஒரு ஷெல் கோப்பும் விண்டோஸுக்கு ஒரு தொகுதிக் கோப்புமாக எழுதி, சூழல் மாறிகளைப் பண்புகளாக மாற்றி உள்ளே அனுப்பினர். வாயிலில் தடுக்கப்பட்ட வேறுபாடு முற்றத்தில் குடியேறியது. ஈற்றில் 2004 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அச்சார்பு மீண்டும் உயிர்பெற்றது. தன் சூழலை வாசிக்க மட்டுமே இயலும். தொடக்கவிருக்கும் சேய்ச் செய்நிரலின் சூழலை மாற்றலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏழாம் பதிப்பு வகுத்த நெறிக்கே இது நெருங்கிவந்தது என்பது சுவையான செய்தி.

தமிழ் எழுத்துக்குப் பெரியது, சிறியது என்ற வேறுபாடு இல்லாமையால் பெயரின் எழுத்துவகை பற்றிய பேச்சுத் தமிழ் வாசகருக்கு வெறும் நுணுக்கமாகத் தோன்றலாம். அது நுணுக்கமன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1993 இல் வகுக்கப்பட்ட சி.ஜி.ஐ. முறையின்படி, இணையச் சேவையகம் வருகையாளரின் வேண்டுகோளில் உள்ள தலைப்புகளை 'எச்.ரி.ரி.பி.' என்னும் முன்னொட்டுடன் பெரிய எழுத்துகளில் சூழல் மாறிகளாக்கிச் செய்நிரலுக்கு வழங்கும். ஒருவர் 'புறொக்சி' என்ற தலைப்பை அனுப்பினால், இடைநிலைச் சேவையகத்தைக் குறிக்கும் மாறியின் பெயரே உருவாகிவிடும். செய்நிரலின் வெளிச்செல்லும் வேண்டுகோள்களை அந்நியர் தம்பக்கம் திருப்ப இதனால் வழி பிறந்தது. 2001 இல் இதனையுணர்ந்த கேர்ல் என்னும் கருவியின் ஆக்குநர் அம்மாறியைச் சிறிய எழுத்தில் மட்டுமே வாசிப்பது என முடிவுசெய்தனர். யுனிக்ஸில் இது தக்க காப்பு. எழுத்துவகையைப் பொருட்படுத்தாத விண்டோஸில் இக்காப்புப் பயன்தராது. 2016 இல் இக்குறைபாடு வேறு பல மொழிகளின் நூலகங்களிலும் கண்டறியப்பட்டு, 'எச்.ரி.ரி.பொக்சி' என்னும் பெயரில் அறிவிக்கப்பட்டது. அவ்வேளையில், தலைப்பினைச் சேவையகத்திலேயே அகற்றிவிடுமாறு பரிந்துரைக்கப்பட்டது.

2009 இல் தோன்றிய நோட் முறைமையில் பழைய சிக்கல் புதுக்கோலம் பூண்டது. அதன் பொதி முகாமையாளர் கட்டளை வரிகளை யுனிக்ஸில் ஷெல்லிடமும் விண்டோஸில் அதன் கட்டளை விளக்கியிடமும் ஒப்படைக்கும். பெயர், சமன்குறி, பெறுமானம் ஆகியவற்றைக் கட்டளைக்கு முன்னால் எழுதும் போர்ன் ஷெல் வழக்கம் முன்னையதில் செல்லும். பின்னையது அத்தொடரின் முதலில் வரும் மாறிப் பெயரையே ஒரு கட்டளையின் பெயராகக் கொண்டு, அப்படியொரு கட்டளை இல்லை என விடையிறுக்கும். இதனைத் தீர்க்க 2015 இல் 'குறொஸ் என்வ்' என்னும் சிறு பொதி வெளிவந்தது. மாறிகளைத் தானே வாசித்து நிறுவி, பின்னர் உரிய கட்டளையைத் தொடக்குவதே அதன் பணி. ஷெல்லின் இலக்கணத்தை நம்பாது செய்நிரலின் உள்ளேயே காரியத்தை முடிக்கும் இவ்வழி, ஜாவாவின் தடையிலும் எளியது, பயனுள்ளது.

இதற்கிடையில் 2011 இல் ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்தோர் வெளியிட்ட பன்னிரு நெறிகளுள் ஒன்று, செய்நிரலின் அமைவுகளைச் சூழல் மாறிகளிலேயே வைக்கவேண்டும் என விதித்தது. அவை எம்மொழிக்கும் எம்முறைமைக்கும் பொதுவானவை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. கருத்தளவில் அது மெய். எழுதும் முறையளவில் அன்று. அந்நெறியைக் கைக்கொண்டோர் பலர் விரைவிலேயே மாறிகளை ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்து, செய்நிரல் தொடங்கும்போது அதனை வாசித்துக்கொள்ளும் 'டொற் என்வ்' முறையினை நாடினர். அக்கோப்பில் மேற்கோட்குறியும் வெற்றிடமும் எவ்வாறு பொருள்கொள்ளப்படும் என்பது நூலகத்துக்கு நூலகம் வேறுபடுகின்றது.